கல்லும் அடைப்பும்

நோய்ப் பெயர்களுள், கேட்ட அளவில் நோயின் இயல்பைத் தெற்றெனப் புலப்படுத்துவன சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று 'கல்லடைப்பு' என்பது. மேனாட்டு மருத்துவ நூல்கள் இந்நோயைச் 'சிறுநீரகக் கல்' என்றே பெரும்பாலும் வழங்குகின்றன. நம் மக்களோ கல்லை மட்டும் கூறி அமையாது, அதனால் விளையும் அடைப்பையும் சேர்த்தே பெயரிட்டனர். இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பது, இந்நோயைக் காண்பதற்கு இன்று வழங்கும் படக்கருவிகளின் திறனையும் குறையையும் ஆராயுமிடத்து இனிது விளங்கும். ஏனெனில், அக்கருவிகளுள் ஒன்று கல்லைக் காண்பதில் வல்லது. மற்றொன்று அடைப்பைக் காண்பதில் வல்லது. நோயாளியை முதன்முதற் பார்க்கும் ஊர் மருத்துவர் இவற்றுள் எதனை நாடுதல் வேண்டும், எத்துணை விரைவாக நாடுதல் வேண்டும், எப்பொழுது ஒன்றனையும் நாடாது பொறுத்திருத்தல் கூடும் என்பனவே ஈண்டு நாம் கூறப் புகுந்தவை. மருத்துவக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கேயன்றி, என்றேனும் ஒருநாள் இந்நோவால் வருந்த நேரும் ஏனையோர்க்கும் இவை பயன்படுமென நம்புகின்றோம்.

முதற்கண் உடம்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முதுகெலும்பின் இருபுறத்தும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, சிறுநீரகங்கள் இரண்டு அமைந்துள்ளன. ஒவ்வொன்றினின்றும் ஒரு குழாய் புறப்பட்டு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. அக்குழாயின் உள்வாய் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படாது. அதிலும் மூன்றிடங்கள் மிகக் குறுகியவை: சிறுநீரகத்தினின்று குழாய் தொடங்குமிடம் ஒன்று, இடுப்பின் விளிம்பில் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்குமிடம் மற்றொன்று, சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து நுழையுமிடம் மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே மிகக் குறுகியது. கற்கள் பெரும்பாலும் வந்து சிக்குவதும் அங்கேதான்.

சிறுநீரிற் கரைந்துள்ள உப்புக்கள், நீர் குறைந்து செறிவு மிகுங்கால், படிகமாகித் திரண்டு கல்லாகின்றன. இரசாயனம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஐந்து கற்களுள் ஏறக்குறைய நான்கு கால்சியத்தின் கலவையாக இருக்கும். எஞ்சியவற்றுள் யூரிக் அமிலக் கல் ஒருவகை. கிருமிகளால் விளையும் கல் பிறிதொரு வகை. பிறவிக்குறையால் உண்டாகும் சிஸ்டின் கல் மிக அரியது. இவ்வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டியிருத்தலின், நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக.

சிறுநீரகத்தினுள்ளே கிடக்கும் கல் பெரும்பாலும் யாதொரு தொல்லையும் விளைப்பதில்லை. தம்முள் கல் இருப்பதை அறியாமலே வாழ்நாள் கழித்தவர் பலர். அக்கல் இடம்பெயர்ந்து குழாயில் இறங்கி வழியை அடைத்த பின்னரே துன்பம் தொடங்குகின்றது. கல்லின் கூர்முனை குத்துதலால் நோவு உண்டாகின்றதெனப் பலர் கருதுகின்றனர். பெரிதும் அங்ஙனமன்று. வெளியேற வழியற்ற சிறுநீர் பின்னே தேங்க, குழாயும் சிறுநீரகத்தின் உட்பையும் விரிந்து புடைக்க, அப்புடைப்பின் அழுத்தமே அத்துணைக் கொடிய நோவாகின்றது. ஆகவே, கல் என்பது காரணம். அடைப்பு என்பது நோய். நம் பழம்பெயர் இவ்விரண்டையும் ஒருசொல்லில் அடக்கியிருத்தல் காண்க.

இந்நோவு வந்தவரைக் கண்டவர் மறவார். விலாப்புறத்திற் சடுதியில் தோன்றி, அடிவயிற்றின் வழியே தொடையிடுக்கு நோக்கி இறங்கும் வலி, குமட்டல், வாந்தி. அவரால் ஓரிடத்தில் இருத்தலும் இயலாது, கிடத்தலும் இயலாது. எழுவார், நடப்பார், மீண்டும் புரள்வார். வயிற்றறையில் அழற்சியுற்ற நோயாளி அசைந்தால் நோவு மிகுமென்று அஞ்சி மரம்போற் கிடப்பார். கல்லடைப்புற்றவரோ அசையாது இருக்கமாட்டார். இவ்வொன்றைக் கொண்டே அனுபவமுள்ள மருத்துவர் வாயிலிற் கால்வைக்கும்போதே நோயை ஒருவாறு ஊகித்துவிடுவர். சிறுநீரைச் சோதனைத் தாளால் நோக்கின் இரத்தம் கலந்திருத்தல் பெரும்பாலும் புலப்படும். ஆயினும், குழாய் முற்றிலும் அடைபட்டவிடத்தும் வேறு சில நிலைகளிலும் இரத்தம் காணப்படாமலும் போதல் உண்டு; ஆதலின் இரத்தமில்லை என்பதுகொண்டு கல்லில்லை எனத் துணிதல் கூடாது.

இவ்விடத்தில் மருத்துவர் செய்யவேண்டிய முதற் செயல் படம் எடுத்தலன்று, நோவைத் தணித்தலேயாம். சிறுநீரகம் பழுதுற்றவர், வயிற்றுப்புண் உடையவர், கருவுற்ற மகளிர் முதலியோர் நீங்கலாக ஏனையோர்க்கு, டைக்ளோஃபினாக்கு போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகளே முதலிற் கொடுக்கத்தக்கன என்பது இன்று பெரும்பாலோர் கொள்கை. படம் எடுத்து முடியும் வரையில் நோயாளியைத் துடிக்கவிட்டுக் காத்திருத்தல் எவ்வாற்றானும் தகாது. மருந்தினால் நோவு தணிந்தபின் நோயின் அடையாளம் மறைந்துவிடுமோ என்று ஐயுறுதலும் வேண்டா.

நிற்க. கல்லடைப்பைப் போலவே தோன்றி மருத்துவரை ஏமாற்றும் நோய்கள் சில உள. அறுபது வயதைக் கடந்த ஒருவர், தம் வாழ்நாளில் முதன்முறையாக விலாப்புற நோவுடன் வருவாராயின், அது கல்லாக இருத்தலினும், வயிற்றிலுள்ள பெருநாடி வீங்கிக் கசியத் தொடங்கியதாக இருத்தல் கூடும் என்பதை முதலில் எண்ணல் வேண்டும். தவறவிட்டால் உயிர் தப்புதல் அரிது. குழந்தை பெறும் வயதினளாகிய பெண்ணாயின், கருப்பைக்குப் புறத்தே கருத் தங்கியிருத்தல் கூடும். சிறுநீரிற் கருச்சோதனை செய்யாது மேற்செல்லல் ஆகாது. இளைஞராயின் விதை முறுக்குண்டிருத்தலும், வலப்புற நோவாயின் குடல்வால் அழற்சியும் நினைக்கத்தக்கன. இவற்றை விலக்குதற்குக் கண்ணும் கையும் கேள்வியுமே முதற் கருவிகள்.

இனிப் படங்களின் வரலாற்றுக்கு வருவோம். வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டாகிய 1896-லேயே, ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஜான் மக்கின்டயர் என்னும் மருத்துவர், உயிருள்ள மனிதனின் சிறுநீரகத்திலிருந்த கல்லொன்றை அக்கதிர்களால் படமெடுத்துக் காட்டினார். அறுவை செய்து பார்த்தாலன்றி அறியலாகாதென்றிருந்த ஒன்று, உடம்பைத் தொடாமலே கண்ணுக்குப் புலனாயிற்று. அந்நாளில் மருத்துவ உலகம் எய்திய வியப்பை நாம் இன்று உள்ளவாறு உணர்தல் அரிது.

ஆயினும், இவ்வெளிய எக்ஸ் கதிர்ப் படத்திற்குக் குறைகள் பல. கால்சியம் மிக்க கல் கதிரை மறித்து வெண்மையாகத் தோன்றும். யூரிக் அமிலக் கல்லோ கதிரை மறிக்கும் ஆற்றல் குன்றியதாதலின் படத்திற் காணப்படாது. சிறிய கற்கள் எலும்பின் நிழலிலும் குடலிலுள்ள மலத்தின் நிழலிலும் மறைந்துபோம். இடுப்பறையின் இரத்தக் குழாய்களிற் படியும் சுண்ணத் துகள்கள் கல்லைப் போலவே தோன்றி மயக்கும். இவையெல்லாம் சேர்ந்து, நோயாளிகளுட் பாதிப்பேர்க்குச் சற்று முன்பின்னாகவே இப்படம் கல்லைக் காட்டவல்லது. அடைப்பைப் பற்றியோ அது யாதும் கூறுவதில்லை. எனவே, புதிதாக நோவுற்று வந்தவர்க்கு இதனையொன்றையே எடுத்து, 'கல் இல்லை' என்று வீட்டிற்கு அனுப்புதல் பொருந்தாது. கல் இன்ன இடத்திலுள்ளதென வேறு கருவியால் அறிந்தபின், அது கீழிறங்குகின்றதா என அவ்வப்போது பார்த்தற்கு இது இன்றும் உதவும், அவ்வளவே.

1929-ஆம் ஆண்டளவில், பெர்லின் நகரில் மோசஸ் ஸ்விக் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர், அயோடின் கலந்த மருந்தொன்றை நரம்பின் வழிச் செலுத்தி, அது சிறுநீருடன் இறங்குங்காற் படமெடுக்கும் முறையைப் பயன்கொள்ளத்தக்க வகையில் நிறுவினார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அம்முறையே கல்லடைப்பைக் காணும் தலைமை வழியாக இருந்தது. மருந்து ஓரிடத்தில் தடைபட்டு நிற்பதைக் கண்டு அடைப்பை அறிவர். சிலர்க்கு அம்மருந்து ஒவ்வாமை விளைத்தலாலும், அதனினும் நல்ல முறைகள் தோன்றியமையாலும், அஃது இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது.

அம்முறையை அகற்றியது சி.டி. ஸ்கேன் என்பது. இதனை ஆக்கியவர் காட்ஃபிரே ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். இசைத்தட்டுக்களால் உலகெங்கும் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில் அவர் பணிபுரிந்தார் என்பது வியத்தற்குரியது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனில் ஒரு நோயாளியின் தலையே இக்கருவியால் முதலிற் படமெடுக்கப்பட்டது. 1979-ல் அவரும், அதன் கணிதத்தை முன்னரே தனித்து ஆராய்ந்த ஆலன் கார்மக்கும் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். எக்ஸ் கதிர்களைப் பல திசைகளினின்றும் செலுத்தி, உடம்பினூடே வந்த கதிரின் அளவைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, உடம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாற்போன்ற படங்களை இக்கருவி தருகின்றது. ஒவ்வொரு புள்ளியின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குக் குறை ஆயிரம். எளிய படத்திற் காணப்படாத யூரிக் அமிலக் கல்லும் தண்ணீரினும் தசையினும் அடர்ந்ததே ஆதலின், இதிற் பளிச்சென்று தோன்றும். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்மித் என்பாரும் அவர் துணைவரும், மருந்து யாதும் செலுத்தாமலே எடுத்த சி.டி. படம் பழைய அயோடின் முறையினும் நன்கு கல்லைக் காட்டுதலை வெளியிட்டனர். அதுமுதல் இம்முறை விரைவிற் பரவிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கல்லுக்குக் குறையாமல் இது கண்டுபிடிக்கும் என்பர். கல்லின் அளவு, இடம், அடர்த்தி ஆகிய மூன்றையும் கூறும். கல்லன்றி வேறு நோயாயின், பல சமயங்களில் அதனையும் காட்டும்.

இத்துணைச் சிறந்த கருவி இருக்க, எல்லார்க்கும் எப்பொழுதும் இதனையே எடுத்துவிடலாகாதோ எனின், ஆகாது. எக்ஸ் கதிர் உடம்பிற் புகுந்து உயிரணுக்களைத் தாக்கவல்லது. அத்தாக்கத்தை மில்லி சீவர்ட் என்னும் அளவால் குறிப்பர். நிலத்தினின்றும் வானினின்றும் இயற்கையாகவே நம்மேற் படும் கதிரின் அளவு, உலகச் சராசரியில், ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். வயிற்றின் வழக்கமான சி.டி. படம் ஒன்றால் ஏறத்தாழ 10 மில்லி சீவர்ட் சேரும். அஃதாவது நான்காண்டு இயற்கைக் கதிர் ஒரே நிமிடத்தில். ஒரு படத்தால் ஒருவர்க்கு வரும் தீங்கு மிகச் சிறிதே. அதனைப் பெரிதாக்கி மக்களை அச்சுறுத்துதல் முறையன்று. ஆயினும், கல்லடைப்பு ஒருமுறை வந்து ஒழிவதன்று. வந்தவருட் பாதிப்பேர் வரையில் பத்தாண்டுகளுக்குள் மறுமுறையும் வருந்துகின்றனர். முப்பது வயதில் நோய் தொடங்கிய ஒருவர் ஒவ்வொரு நோவுக்கும் ஒரு சி.டி. என எடுத்துக்கொண்டே செல்லின், கூட்டுத்தொகையே கவலைக்குரியதாகும். இதனை உணர்ந்தே, கதிரைக் குறைத்து 4 மில்லி சீவர்ட்டுக்கு உட்பட எடுக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. கல்லைக் காண்பதற்கு அதுவே பெரும்பாலார்க்குப் போதும். மிகப் பருத்த உடலினர்க்கு மட்டும் அதன் தெளிவு குன்றும். சி.டி. வேண்டுமெனத் துணிந்த மருத்துவர், சீட்டில் 'குறைந்த கதிரளவில்' என இரண்டு சொல் சேர்த்து எழுதுதல் எளிது. அச்சிறு செயல் பலவிடங்களிற் செய்யப்படாதொழிதல் வருந்தத்தக்கது.

இனி, ஒலியாற் காணும் முறையாகிய அல்ட்ராசவுண்டைக் கூறுவோம். மனிதன் செவிக்கு எட்டும் ஒலி, நொடிக்கு இருபதினாயிரம் அதிர்வுக்கு மேற்படாது. இக்கருவியோ நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுடைய ஒலியை உடம்பினுள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகின்றது. தெளிந்த நீரில் எதிரொலி இல்லை. ஆதலின் தேங்கிய சிறுநீர் கரிய குளம்போலத் தோன்றும். கல் ஒலியை முற்றும் திருப்பிவிடுதலின் வெண்மையாகத் தோன்றி, அதன் பின்னே ஒரு கரிய நிழலும் வீழும். நிறங்காட்டும் டாப்ளர் முறையில் நோக்கின், கல்லிருக்குமிடம் பல நிறங்களில் மின்னி மின்னித் தோன்றுதலும் உண்டு.

இக்கருவியின் வலிமையும் மெலிவும் ஓரிடத்திலேயே அமைந்துள்ளன. சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் இதற்கு நன்கு புலப்படும். இடையிலுள்ள நீண்ட குழாயோ குடலிலுள்ள காற்றால் மறைக்கப்படும். காற்று ஒலிக்குச் சுவர் போன்றது. ஆகவே குழாயின் நடுவிற் சிக்கிய கல்லை இது பெரும்பாலும் தவறவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பின், அதன் வாயிலிற் சிக்கிய கல்லைக் காணுதல் கூடும். ஆதலினாலேயே படத்திற்கு முன் தண்ணீர் குடித்து அடக்கிவைக்கச் சொல்கின்றனர்; இதனைத் தொல்லையென வெறுத்தல் வேண்டா. சிறு கற்களின் அளவை இது சற்று மிகுத்துக் காட்டும் இயல்பினது. ஆனால், சிறுநீரகம் நீர்தேங்கிப் புடைத்திருக்கின்றதா இல்லையா என்னும் ஒரு கேள்விக்கு, கதிர் சிறிதுமின்றிக் கட்டிலருகிலேயே சில நிமிடங்களில் விடைதரும். அஃதாவது, கல்லைக் காணாவிடினும் அடைப்பைக் காணும்.

அவ்விடையையும் அறிவோடு கொள்ளல் வேண்டும். நோவு தொடங்கிச் சிறிதுநேரமே ஆயின், அல்லது நோயாளி வாந்தியாலும் வெயிலாலும் நீர்வற்றியிருப்பின், அடைப்பிருந்தும் புடைப்புத் தோன்றாதிருக்கலாம். கருவுற்ற மகளிர்க்கோ இதன் மறுதலை. வளரும் கருப்பை குழாயை, சிறப்பாக வலப்புறக் குழாயை, அழுத்துதலால் கல்லில்லாமலே புடைப்பு உண்டாகும். அவர்கட்கும் சிறார்க்கும் கதிர் ஆகாதாதலின், குறை எத்துணையிருப்பினும் ஒலிப்படமே முதலில் நாடத்தக்கது.

சி.டி. கல்லைக் காட்டும் திறத்தில் மேம்பட்டதென்பதில் ஐயமில்லை. ஆயின், திறமிக்க படத்தால் நோயாளி அடையும் நன்மையும் மிகுதிதானா? இவ்விரண்டும் வேறு வேறு வினாக்கள். இரண்டாம் வினாவுக்கு விடைகாண, அமெரிக்க நாட்டில் ரெபெக்கா ஸ்மித்-பைண்ட்மன் என்னும் அம்மையார் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2014-ஆம் ஆண்டு வெளியாயிற்று. 15 மருத்துவசாலைகளின் அவசரப் பிரிவுகளுக்குக் கல்லடைப்பு ஐயத்தோடு வந்த 2,759 பேர், திருவுளச்சீட்டு முறையால் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு வகுப்பினர்க்கு அவசரப் பிரிவு மருத்துவரே கட்டிலருகில் ஒலிப்படம் எடுத்தார். ஒரு வகுப்பினர்க்குப் படத்துறை வல்லுநர் ஒலிப்படம் எடுத்தனர். மற்றவர்க்கு முதலிலேயே சி.டி. எடுக்கப்பட்டது. ஒலிப்படத்திற்குப் பின்னும் ஐயமிருப்பின் சி.டி. எடுத்துக்கொள்ள மருத்துவர்க்கு உரிமை இருந்தது.

முடிவு யாதெனின்: முதற்படம் கல்லைக் கண்ட திறம் நூற்றுக்கு முறையே 54, 57, 88. இதை மட்டும் நோக்குவார் சி.டி.யே வென்றதெனக் கூறுவர். ஆனால், பெருநோயொன்று தவறவிடப்பட்டு அதனாற் கேடு விளைந்தோர், முதல் முப்பது நாட்களில், எல்லா வகுப்புக்களையும் சேர்த்து நூற்றுக்கு 0.4 பேரே, வகுப்புக்களிடையே கருதத்தக்க வேறுபாடில்லை. பின்னர் நிகழ்ந்த கடுந்துன்பங்களிலும், நோவின் தணிவிலும், மீண்டும் மருத்துவசாலைக்கு வந்தோர் தொகையிலும் வேறுபாடில்லை. ஆறு திங்களிற் சேர்ந்த கதிரின் அளவோ ஒலிப்படத்தில் தொடங்கியவர்க்குத் தெளிவாகக் குறைந்திருந்தது: ஏறத்தாழ 10, 9, 17 மில்லி சீவர்ட். ஒலிப்படத்தில் தொடங்கியவர்க்கு அக்குறைந்த அளவும் சேர்ந்ததன் காரணம், கட்டிலருகில் ஒலிப்படம் எடுக்கப்பட்டவருள் நூற்றுக்கு 40 பேரளவும், படத்துறையில் எடுக்கப்பட்டவருள் 27 பேரளவும் பின்னர்ச் சி.டி.க்குச் சென்றமையாம். எஞ்சிய பெரும்பாலோர்க்கு அது வேண்டியிருக்கவில்லை.

கல்லைப் பாதியளவே கண்ட முறையும், பெரும்பாலும் கண்ட முறையும் ஒரே பயனைத் தந்தது எங்ஙனம்? இதன் விடையிலேதான் நம் பொருளின் உயிர் இருக்கின்றது. ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாத கற்கள், மூன்றில் இரண்டு பங்கு தாமே இறங்கி வெளியேறிவிடுகின்றன. ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் வரையுள்ளவற்றிலும் பாதிக்குச் சிறிது குறைவானவை அங்ஙனமே. தானே போகவிருக்கும் சிறுகல்லை ஒருவர் கண்டார், ஒருவர் காணவில்லை எனின், மருந்து ஒன்றே, காத்திருத்தல் ஒன்றே, முடிவும் ஒன்றே. ஒலிப்படம் தவறவிடும் கற்கள் பெரும்பாலும் இத்தகையனவே. பெரிய கல் நெடுநேரம் அடைத்திருப்பின் சிறுநீரகம் புடைக்கும்; அதனை ஒலிப்படம் தவறவிடாது.

இவ்வாராய்ச்சியை நம் ஊர் மருத்துவர்க்கு அப்படியே பொருத்துமிடத்து ஒரு தயக்கம் உண்டு. கருவுற்றோர், மிகப் பருத்தோர், ஒரே சிறுநீரகம் உடையோர், வேறு கொடுநோய் உண்டென மருத்துவர் வலுவாக ஐயுற்றோர் ஆகியோர் அதிற் சேர்க்கப்படவில்லை. அன்றியும், அது நடந்த இடங்களில் சி.டி. கருவி அடுத்த அறையிலேயே இருந்தது. ஐயம் தோன்றின் உடனே எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அது பல மைல்களுக்கு அப்பால். எனவே, இங்கு ஒலிப்படத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு வேண்டியது, நோயாளி மறுநாள் மீண்டும் வரக்கூடியவரா, காய்ச்சல் கண்டால் இரவிலும் ஊர்தி ஏறவல்லவரா என்னும் அறிவாகும். அதனை எக்கருவியும் காட்டாது. கேட்டே அறிதல் வேண்டும்.

அறிஞர் குழாங்களின் விதிகளும் ஒன்றுபட்டில. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தார் ஒலிப்படத்தையே முதலில் எடுக்குமாறு கூறுகின்றனர். இங்கிலாந்தின் நைஸ் என்னும் நிறுவனமோ, 2019-ஆம் ஆண்டு விதியில், வயதுவந்தோர்க்குக் குறைந்த கதிர்ச் சி.டி.யை 24 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டுமென்றும், கருவுற்றோர்க்கு ஒலிப்படமே என்றும், சிறார்க்கு அதனையே முதலில் என்றும் வகுத்தது. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியார், முன்னரே கல்நோய் உண்டென அறியப்பட்ட, ஐம்பது வயதுக்குட்பட்ட, வேறு நோயற்ற ஒருவர் அதே நோவோடு மீண்டும் வரின், சி.டி.யைத் தவிர்க்குமாறு 2014-ல் அறிவுறுத்தினர். இவற்றை முரண் எனக் கொள்ளுதல் வேண்டா. கருவி எளிதிற் கிட்டும் நாடு ஒன்றைக் கூறும். கதிரை அஞ்சுவோர் ஒன்றைக் கூறுவர். நம் நாட்டு நிலைக்கு ஐரோப்பியர் முறையே இயைந்ததென்பது எம் கருத்து. விலையாலும், கருவி கிட்டும் எளிமையாலும், ஒலிப்படமே நம் சிற்றூரார்க்கு அண்மையிலுள்ளது.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலவில்லை. நம் மக்கள் ஒலிப்படத்தையும் 'ஸ்கேன்' என்கின்றனர், சி.டி.யையும் 'ஸ்கேன்' என்கின்றனர். 'போன மாதம் ஸ்கேன் எடுத்தாயிற்று, கல் இல்லையென்று சொல்லிவிட்டார்கள்' என்று நோயாளி கூறுங்கால், எந்த ஸ்கேன் என்று கேளாத மருத்துவர் பெரிதும் வழுக்குவர். ஒலிப்படத்திற் கல் இல்லையென்பது வேறு, சி.டி.யிற் கல் இல்லையென்பது வேறு. குழாய்போன்ற கருவிக்குள் படுக்கவைத்தார்களா, வயிற்றில் பசைதடவித் தேய்த்தார்களா என்று கேட்டால் பாமரரும் தெளிவாக விடை சொல்வர்.

மேனாடுகளில் கைப்பைக்குள் அடங்கும் ஒலிப்படக் கருவிகளைக் குடும்ப மருத்துவர்கள் தம்முடன் கொண்டு செல்கின்றனர். இந்தியாவில் அஃது அத்துணை எளிதன்று. கருவின் பால் அறிந்து பெண்சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுத்தற்பொருட்டு 1994-ல் இயற்றப்பட்டு, 2003-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இக்கருவி உள்ள இடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் கையாள்வோர்க்கும் தகுதி வரையறுக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் நோக்கம் மறுக்கொணாதது. அதன் விளைவாக, நம் ஊர் மருத்துவர் பெரும்பாலும் தாமே படம் பாராது, சீட்டெழுதி அனுப்பவேண்டியவராகின்றார். ஆகவே அச்சீட்டில் வெறுமனே 'வயிற்று ஸ்கேன்' என எழுதாது, 'இடது விலாப்புற நோவு, ஆறுமணி நேரமாக. சிறுநீரகப் புடைப்பு உண்டா, சிறுநீர்ப்பை வாயிலிற் கல் உண்டா' எனத் தம் வினாவை எழுதுதல் நலம். வினா தெளிவாயின் விடையும் தெளிவாகும்.

இதுகாறும் பொறுத்திருத்தலைப் பற்றிப் பேசினோம். சிறிதும் பொறுத்திருத்தல் கூடாத நிலைகளும் உள. அவற்றுள் தலையாயது, அடைப்போடு காய்ச்சல் கூடுதல். தேங்கிய சிறுநீரிற் கிருமி பெருகின், அது சீழ்க்குளமாகி, இரத்தத்திற் கலந்து, சில மணி நேரத்தில் உயிரை மாய்க்கவல்லது. மருந்து மட்டும் அங்கே பயன்படாது. அடைப்புக்கு மேலுள்ள நீரை உடனே வெளியேற்றல் வேண்டும். விலாநோவோடு குளிர்நடுக்கம் உடையவரை, படத்திற்காக உள்ளூரில் நாள்குறித்துக் காத்திராமல், பெரிய மருத்துவசாலைக்கு அன்றே அனுப்புதல் கடமை. ஒரே சிறுநீரகம் உடையவர், இருபுறமும் அடைபட்டவர், சிறுநீரே இறங்காதவர், மருந்துக்கும் அடங்காத நோவுடையவர் ஆகியோரும் இவ்வாறே. பெருநாடி வீக்கமோ என ஐயுறத்தக்க முதியோரைப் பற்றி முன்னரே கூறினோம்.

மற்றொன்றும் கூறி முடிப்போம். நோவு நின்றுவிட்டால் கல் போய்விட்டதெனப் பெரும்பாலோர் எண்ணி, மருத்துவரை மறந்துவிடுகின்றனர். நோவு நிற்றல் எப்பொழுதும் நற்குறியன்று. அடைப்பு நீங்காமலே, சிறுநீரகம் அழுத்தத்துக்கு மெல்ல இணங்கி, நோவின்றியே வாரக்கணக்கிற் புடைத்திருந்து, ஈற்றிற் செயலிழத்தலும் நேர்வதுண்டு. ஆகவே கல் வெளிவந்ததைக் கண்ணாற் கண்டாலன்றி, நான்கு வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறை ஒலிப்படம் எடுத்து, முன்னிருந்த புடைப்பு வற்றியதா எனப் பார்த்தல் வேண்டும். முதலில் எளிய எக்ஸ் கதிர்ப் படத்திற் புலப்பட்ட கல்லாயின், அப்படமும் உதவும். அதுவரையில் நோயாளி சிறுநீரை மெல்லிய துணியிலோ தேநீர் வடிகட்டியிலோ வடித்துவருவாராக. அரிசிக்குறுணையினும் சிறிதாக ஏதேனும் அதில் தங்கின், எறிந்துவிடாமல் உலரவைத்து ஒரு தாளிற் பொதிந்து மருத்துவரிடம் கொடுத்தல் வேண்டும். அது கால்சியமா, யூரிக் அமிலமா என்று இரசாயன சாலையிற் பிரித்தறிந்தபின்னரே, அடுத்த கல் வாராமற் செய்யும் வழி தொடங்கும்.